பேக்கேஜ் இருந்தது, மேசை இல்லை

போன நவம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபுக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போனோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, அப்பா என ஆறு பேர். கப்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடலும் சமர்த்தாக இருந்தது. நான்தான் அந்த நான்கு நாளில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தைச் சாப்பாட்டு மேசைக்காக வரிசையில் நின்றும், போனில் காத்திருந்தும், கைபேசிச் செயலியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் தொலைத்தேன். ஒரு தடவை லிஃப்ட் வாசலில் நின்று அழுதேவிட்டேன். விடுமுறைக்குப் போன இடத்தில், அதுவும் சாப்பாட்டுக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அந்த நான்கு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது.

முதல்முறை போகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் டிக்கெட்டிலேயே சாப்பாடு அடக்கம். பெரிய மெயின் டைனிங் ஹால் இருக்கும், பஃபே இருக்கும், பீட்சா, ஐஸ்கிரீம் எல்லாம் இருக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். இதற்கு மேல் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் என்று சில உண்டு. எங்கள் கப்பலில் ஒரு ஸ்டேக் ஹவுஸ், ஓர் இத்தாலியன், ஒரு ஜப்பானியக் கடை, அதை ஒட்டி தெப்பன்யாகி, அதாவது சூடான கல்லைச் சுற்றி நாம் உட்கார, சமையல்காரர் கண்ணெதிரே வித்தை காட்டிச் சமைக்கும் இடம். இவற்றுக்குத் தனிக் காசு. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம், அல்லது பயணம் முழுவதற்கும் ஒரு டைனிங் பேக்கேஜ் வாங்கிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னால் ஒரு தள்ளுபடி வந்தது. சேவைக் கட்டணம் 18 சதவீதத்தையும் சேர்த்துப் பெரியவர்களுக்குத் தலைக்கு 148 அமெரிக்க டாலர், எல்லா இரவும் எந்த ரெஸ்டாரண்டிலும் சாப்பிடலாம் என்று போட்டிருந்தது. அப்பா அம்மாவின் திருமணமாகி நாற்பது வருஷம் ஆகிறதே, ஒரு குறையும் வேண்டாம் என்று நான்கு பெரியவர்களுக்கும் வாங்கிவிட்டேன். மொத்தம் 592 டாலர். மகளுக்கு ஒவ்வொரு வேளையும் சிறுவர் கட்டணம், மகனுக்கு இலவசம்.

வாங்கிய கையோடு எல்லா இரவுக்கும் மேசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என் முதல் முட்டாள்தனம். பேக்கேஜ் என்பது சாப்பிட்டதற்குக் காசு கேட்கமாட்டோம் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். உட்கார இடம் வேறு சமாச்சாரம், அதைத் தனியாகப் பிடிக்க வேண்டும். எங்கள் பேக்கேஜில் முதல் இரவுக்கு மட்டும் கம்பெனியே ஒரு நேரத்தைப் போட்டுக் கொடுத்திருந்தது. மீதி மூன்று இரவுக்கும் கப்பலில் ஏறிய பிறகு நீங்களே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் நான்காவது நாள்தான் படித்தேன். மின்னஞ்சலில் இருந்த பெரிய எழுத்தை மட்டும் கணவருக்குப் படித்துக் காட்டி, 'பாத்தீங்களா, எவ்வளவு மலிவு' என்று பெருமைப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு கோளாறும் நான் கவனிக்காமலே நடந்திருந்தது. எங்களுக்கு ஒரு கேபின், அம்மா அப்பாவுக்குப் பக்கத்துக் கேபின். இரண்டையும் வேறு வேறு நாளில் பதிவு செய்ததால் இரண்டுக்கும் வேறு வேறு பதிவு எண். கப்பல் கம்பெனியின் கணினிக்கு நாங்கள் ஒரே குடும்பம் இல்லை. எங்களுக்கு முதல் இரவு இத்தாலியனில் 5:30, அம்மா அப்பாவுக்கு ஸ்டேக் ஹவுஸில் 8:45. மாட்டிறைச்சிக்கென்றே இருக்கும் கடையில், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத என் அம்மாவுக்கு இடம்! இரண்டு கேபின் எடுப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே கம்பெனிக்கு, அல்லது டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டு இரண்டு பதிவையும் இணைக்கச் சொல்லிவிடுங்கள். கேட்டால் இணைத்துக் கொடுப்பார்களாம். அதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

கப்பல் ஏறும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பயணம் தோற்றது அன்றைக்குத்தான். மரினா பே குரூஸ் சென்டருக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே நேரம் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை 11 மணியிலிருந்தே இடம் இருந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று 2:30 எடுத்தேன். ஏறியதும் எல்லோரும் செய்வதைச் செய்தோம். நேராகப் பஃபே. மகன் மூன்று ஐஸ்கிரீம். அப்புறம் பாதுகாப்புப் பயிற்சிக்காகக் குறிப்பிட்ட இடத்தில் போய்க் கேபின் கார்டைக் காட்டினோம், பெட்டி வந்ததா என்று பார்த்தோம், மேல்தளத்தில் நின்று படம் எடுத்தோம். 5:30க்கு வயிறு நிறைய ஐஸ்கிரீமோடு இத்தாலியனில் போய் உட்கார்ந்தோம். பாஸ்தா அருமையாக இருந்தது, பாதிதான் இறங்கியது. முடிக்கும்போது மேனேஜர் வந்தார். 'அடுத்த மூன்று இரவுக்கும் ஆறு பேருக்கு 7 மணிக்கு' என்று சாதாரணமாகச் சொன்னேன். கையிலிருந்த டேப்லெட்டில் விரலை மேலும் கீழும் ஓட்டினார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி இரவு 9:15க்கு ஸ்டேக் ஹவுஸில் ஓரிடம், மற்றபடி எதுவும் இல்லை என்றார்.

அது எப்படி என்று கேட்டேன். பள்ளி விடுமுறை, கப்பல் நிறைந்திருக்கிறது, பலர் மதியமே போட்டுவிட்டார்கள் என்றார். பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலாயிரம் பேருக்கு மேல் போகும் கப்பல். அந்த இத்தாலியனில் நான் எண்ணிய மேசைகள் முப்பத்து நான்கு, அதில் பெரும்பாலானவை இரண்டு பேர் உட்காருவது. ஓர் இரவுக்கு ஒரு மேசை இரண்டு முறைதான் சுற்றும். ஆக நாலு கடைகளையும் கூட்டினாலும் கப்பலில் ஒரு சின்னப் பங்குக்குத்தான் ஓர் இரவில் இடம் வரும். சிலது 'சூட்' எனப்படும் விலை உயர்ந்த அறைக்காரர்களுக்காக ஒதுக்கியும் வைத்திருப்பார்கள். இது இந்தக் கப்பலின் கதை மட்டும் இல்லை. ஓஷியானியா மாதிரிச் சில கம்பெனிகளில் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டுக்குத் தனிக் கட்டணமே கிடையாது, அங்கேயும் மேசையை எண்ணித்தான் கொடுப்பார்கள்.

அதனால் ஏறும் நாளுக்கு என் அறிவுரை இது. கிடைக்கிற முதல் நேரத்தை எடுங்கள். வீட்டில் யாரையாவது பிள்ளைகளோடு பஃபேக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் மட்டும் கைப்பையோடு நேராக ஏதாவது ஒரு ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டின் வாசலுக்குப் போங்கள். எதற்குப் போக வேண்டுமோ அங்கேதான் நிற்க வேண்டும் என்றில்லை. எங்கள் கப்பலில் எந்தக் கடை வாசலில் இருந்தாலும் அந்த டேப்லெட்டில் எல்லாக் கடைக்கும் போட முடிந்தது. எல்லோரும் நடுக்கூடத்தில் முன்பதிவுக்காகப் போட்டிருந்த மேசைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும்போது, பின்னால் ஒதுங்கியிருந்த ஜப்பானியக் கடை வாசலில் ஒரு பெண் சும்மா நின்றுகொண்டிருந்தார் என்று அடுத்த நாள் தெரிந்தது. போகும்போதே எந்த இரவு எந்தக் கடை, முடியாவிட்டால் அடுத்தது எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தியேட்டர் நிகழ்ச்சிக்கும் நேரம் உண்டு, அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரு நேரம் நிகழ்ச்சியோடு மோதி, கடைசியில் பிள்ளைகள் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை. முதல் இரவுக்கு மட்டும் மேசை நிறையக் காலியாக இருக்கும், பேக்கேஜ் இல்லாதவர்களுக்கு அன்றைக்குத் தள்ளுபடிகூடக் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இத்தாலியனிலிருந்து வெளியே வந்தேன். கணவர் 'விடு, பஃபேதான் இருக்கே' என்றார். 592 டாலர் கட்டிவிட்டுப் பஃபேயா? அந்தக் கோபத்தை அவர் மேல் காட்டினேன், பாவம். நடுக்கூடத்து மேசையில் நாற்பது நிமிஷம் நின்றேன். கிட்டே போகும்போது சங்கிலியைப் போட்டு இன்றைக்கு முடிந்தது என்றுவிட்டார்கள். கேபினுக்கு வந்து போனில் டைனிங் எண்ணை அழைத்தால் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் லிஃப்ட் வாசல் அழுகை. ஏன் அழுதேன் என்று யோசித்தால், மேசைக்காக இல்லை என்று தோன்றுகிறது. அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கப்பல் ஏறியிருக்கிறார், அவருக்கு எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்று ஆறு மாதமாகத் திட்டம் போட்டவள், முதல் நாளே கோட்டைவிட்டுவிட்டேனே என்பதுதான்.

8:45க்கு அம்மா அப்பாவை ஸ்டேக் ஹவுஸில் கொண்டுபோய் விட நானும் போனேன். அங்கேதான் அதிர்ஷ்டம் வந்தது. அம்மா மெனுவைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, 'இங்க நமக்கு என்னடி இருக்கும்?' என்று கேட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, 'அம்மா, தமிழா?' என்றான். தூத்துக்குடிப் பையன். கப்பல் வேலைக்கு வந்து நாலு வருஷமாம். வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கு, காளான் வதக்கல், கீரை என்று அவனே மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தான். அப்பா அந்த உருளைக்கிழங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெள்ளித்தாளில் பொதிந்து, மேலே கீறி, வெண்ணெய் வைத்து, பெரிய தட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. 'ஒரு உருளைக்கிழங்குக்கா இவ்வளவு பெரிய தட்டு?' என்று கேட்டுவிட்டு முழுசாகச் சாப்பிட்டார்.

அந்தப் பையன் தட்டு எடுக்க வரும்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னதுதான் மீதி மூன்று நாளைக் காப்பாற்றியது. முதலாவது, 'அக்கா, ஆறு பேருன்னு கேக்காதீங்க. நாலு, ரெண்டுன்னு பிரிச்சுக் கேளுங்க.' ஆறு பேர் மேசை கடைக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும், அது முதலில் போய்விடும். இரண்டு பேர் மேசைதான் கடைசிவரை உதிரியாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஒரே நேரத்துக்கு நாலும் ரெண்டும் தனித்தனியாகப் போட்டுவிட்டு, உள்ளே போனதும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள் என்று கேட்டால் முடிந்தவரை செய்வார்கள். கால் மணி முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தால் இன்னும் திறக்கும். அடுத்த நாள் காலை நானே செயலியில் சோதித்தேன். ஆறு என்று போட்டால் எல்லா நேரமும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான்கு என்றதும் இரண்டு நேரம் தெரிந்தது. இரண்டு என்றதும் ஐந்து நேரம். செயலிக்கு இன்டர்நெட் பேக்கேஜ் எல்லாம் வேண்டாம், கப்பலின் வைஃபையில் சும்மாவே வேலை செய்கிறது. இதுகூடத் தெரியாமல் முதல் நாள் இன்டர்நெட்டுக்கு ஒரு நாள் காசு கட்டினேன்.

இரண்டாவது, கேன்சல் செய்கிறவர்கள் எப்போது செய்வார்கள் என்பது. அந்தக் கப்பலில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ, வராமல் போனாலோ தலைக்கு 10 டாலர் அபராதம். அதனால் மனசு மாறியவர்கள் எல்லாம் சரியாக அந்தக் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விடுவிப்பார்கள். நாளை இரவு 7 மணிக்கு வேண்டுமா, இன்று மாலை 6 மணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்குத் தோன்றவே தோன்றாதது. 'நாளைக்குப் பினாங்குல கப்பல் ராத்திரி பத்து வரைக்கும் நிக்கும். எல்லாரும் ஊருக்குள்ள போயிருவாங்க. அஞ்சரைக்குக் கடை திறக்கும்போது சும்மா வந்து நில்லுங்க அக்கா, புக்கிங்கே வேண்டாம்.' அம்மாவுக்கு ஒரு வழியும் சொன்னான். மெயின் டைனிங் ஹாலில் ஹெட் வெய்ட்டரிடம் முந்தைய நாளே சொல்லிவிட்டால் மெனுவில் இல்லாத இந்தியச் சைவச் சாப்பாடு தினமும் வருமாம். வந்தது. சாதம், பருப்பு, ஒரு காய், மூன்றாம் நாள் ரசம் மாதிரி ஒன்று. அம்மா அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு வேறு எந்தக் கடையையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் 2 மணி வாக்கில் பினாங்கு சேர்ந்தோம். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் நடக்கும் தூரம்தான். லிட்டில் இந்தியாவில் அம்மாவும் அப்பாவும் இட்லி, காபி சாப்பிட்டுக் கும்பகோணம் திரும்பிவிட்ட மாதிரி ஆனார்கள். நாலரைக்கே எல்லோரையும் விரட்டிக் கப்பலுக்குக் கூட்டிவந்தேன், 5:30க்கு ஸ்டேக் ஹவுஸ் வாசலில் நிற்க வேண்டுமே! பையன் சொன்னது அப்படியே நடந்தது. கடை காலி. ஜன்னல் ஓர மேசை, உபசாரம் பிரமாதம். ஆனால் உட்கார்ந்து வெளியே பார்த்தால் ஜார்ஜ் டவுன். அங்கே தெருவெல்லாம் சாப்பாடு. தோளில் காவடி கட்டிச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் நாசி கந்தர் பிறந்த ஊர் அது. அதை விட்டுவிட்டு, எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரு மாட்டிறைச்சித் துண்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன், பேக்கேஜ் வீணாகக் கூடாது என்பதற்காக. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கப்பல் இரவு வரை நிற்கும் நாளில் மேசை சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். அது பினாங்காக இருந்தால் தயவுசெய்து இறங்கிப் போய்ச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் நாள் ஃபுக்கெட். இங்கே நடந்ததைச் சொன்னால் இன்றுவரை வீட்டில் சிரிக்கிறார்கள். அன்று இரவு 7:15க்குத் தெப்பன்யாகியில் நான்கு இடம் பிடித்திருந்தேன், அந்த 24 மணி நேர வித்தையில் கிடைத்தது. பெரிய சாதனை மாதிரி உணர்ந்தேன். படோங் கடற்கரைக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட, சின்னப் படகில் கரைக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றவில்லை, சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. என் போன் கரையில் தாய்லாந்து நெட்வொர்க்கைப் பிடித்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. படகில் திரும்பும்போது, கடலில் ரோமிங் பில் ஏறக் கூடாது என்று புத்திசாலித்தனமாக ஏர்ப்ளேன் மோடில் போட்டேன். போன் தாய்லாந்து நேரத்திலேயே உறைந்துவிட்டது. கணவர் போனும் அப்படியே.

பிள்ளைகள் தூங்க, நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். அப்பா கதவைத் தட்டி, 'மணி எட்டாகப் போகுது, நாங்க சாப்பிடக் கிளம்பறோம்' என்றார். போனைப் பார்த்தேன், 6:52. 'அப்பா, உங்க வாட்ச் தப்பு, இன்னும் ஏழுகூட ஆகல' என்றேன். அவர் கையைத் திருப்பித் தன் பழைய எச்எம்டி வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். 'ஓடுதே' என்றார். சரிப்பா என்று அனுப்பிவிட்டேன். பிள்ளைகளைக் கிளப்பி, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு தெப்பன்யாகி வாசலில் போய் நின்றால், உள்ளே கல்லைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, சமையல்காரர் முட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து வித்தை காட்டி முடித்திருந்தார். வாசல் சுவரில் கடிகாரம். 8:05. தெப்பன்யாகியில் எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் சமைப்பதால் தாமதமாக வந்தால் நடுவில் சேர்க்க முடியாது என்றார்கள். நியாயம்தான். அன்று இரவு பீட்சா. மகள் ஒரு வாரம் காத்திருந்த அந்தத் தீ வித்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். கப்பல் ஏறியதும் போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்தைக் கையால் வைத்துவிடுங்கள். அல்லது வாட்ச் கட்டிய அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

நான்காம் நாள் முழுக்கக் கடலில். கரைக்குப் போகாத நாளில் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டுகள் மதியமும் திறக்கும். பேக்கேஜில் அதுவும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியவில்லை. 11:45க்கு இத்தாலியன் வாசலில் நின்றேன், ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம், முதல் முறையாக. நாற்பதாவது வருஷத்துக்கென்று கேட்காமலே ஒரு சின்னக் கேக் வந்தது, அம்மா மட்டும் சாப்பிடவில்லை. மாலை ஐந்து மணிக்குத் தெப்பன்யாகி வாசலுக்கே நேராகப் போய், 'யாராவது வரவில்லை என்றால் இரண்டு இடம் போதும், எந்தக் கல்லாக இருந்தாலும் சரி, மற்றவர்களோடு சேர்ந்து உட்காருகிறோம்' என்று கேட்டேன். மகளைக் கூடவே கூட்டிப்போயிருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. 7 மணிக்கு வாருங்கள், பார்க்கலாம் என்றார் அந்தப் பெண். வந்தோம், கிடைத்தது. இரண்டு பேராக இருந்தால் தெப்பன்யாகிதான் உண்மையில் சுலபம், எட்டுப் பேர் கல்லில் ஓரத்தில் இரண்டு எப்போதும் மிஞ்சும். சைவக்காரர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இறால், மாடு, காய்கறி எல்லாம் அதே கல்லில்தான். ஒரு நாள் முன்னால் சொன்னால் உங்கள் தட்டை உள்ளே சமையலறையில் தனியாகச் செய்து கொண்டுவருவார்கள், வித்தையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்குக் காலையிலேயே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்கும் போயிருந்தேன். அம்மா அப்பாவின் பேக்கேஜைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முதல் வேளை சாப்பிட்டுவிட்டால் திருப்ப முடியாது, ஏறுவதற்கு முன்போ முதல் நாளே பயன்படுத்தாமலோ கேட்டிருந்தால் செய்திருப்போம் என்றார்கள். ஓர் உருளைக்கிழங்கு தின்றதற்கு இரண்டு பேருக்கு 296 டாலர். நானும் கணவரும் சாப்பிட்டதைத் தனித்தனி விலையில் கூட்டினால் போட்ட காசு வந்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்மா அப்பாவுக்கு வாங்கியது ஏறக்குறைய முழுத் தண்டம். சைவப் பெற்றோருக்குப் பேக்கேஜ் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வேளைக்கு மட்டும் காசு கொடுத்துப் பாருங்கள். கவுண்டர்க்காரப் பெண் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, கப்பலுக்குள் செலவு செய்ய 30 டாலர் வரவு வைத்துக் கொடுத்தார். கத்தாமல் கேட்டதால் கிடைத்தது என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் கத்தியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி இரவு கேபின் டிவியில் கணக்கைப் பார்த்தால் தெப்பன்யாகிக்கு வராததற்கு நான்கு பேருக்கு 40 டாலர் ஏறியிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி ஓடினேன். மணி குழப்பத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுப் பிள்ளைகளுடைய 20 டாலரைக் கழித்தார்கள். காலையில் இறங்கும்போது பார்த்திருந்தால் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

அந்த 30 டாலரைக் காசாகத் தரமாட்டார்கள், கப்பலிலேயே தீர்க்க வேண்டும். கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய், கப்பல் படம் போட்ட நீலத் தொப்பி ஒன்றை 28 டாலருக்கு வாங்கி அப்பா தலையில் வைத்தேன். இப்போது தினமும் காலை மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறாராம். யாராவது விசாரித்தால், 'கப்பல்ல சும்மா குடுத்தாங்க' என்கிறாராம்.